கேபிள் ஓரத்துப் படகு

இணையக் கேபிளை ஒட்டிக் கடலடியில் ஊர்ந்துபோகும் கேமரா அனுப்பும் நேரடிக் காட்சியை, கலைஞர் மிருதுளா சென்னைக் கண்காட்சிக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க ஓடவிட்டிருந்தாள். வந்தவர்கள் பிரமாதம் என்றார்கள். காசிமேட்டு அஞ்சலாட்சி மட்டும் பத்தொன்பது நாளாக அங்கேயே பழியாய்க் கிடந்தாள். கேபிளுக்கு மேலே படகு போகக் கூடாதென்பது சட்டம். போன ஐப்பசிப் புயலில் அவள் புருஷன் தேசிங்கு அந்தப் பக்கம்தான் காணாமல் போனான். தேடிப் போகக்கூட யாரையும் விடவில்லை.

இன்று மணலில் சாய்ந்து கிடந்த ஒரு படகு தெரிந்தது. பக்கவாட்டில், அவளே பெயின்டால் எழுதிய மகளின் பெயர். உள்ளே அவனுடைய மஞ்சள் மழைக்கோட்டு அசைந்தது.

"நிறுத்தும்மா! ஒரு நிமிசம் நிறுத்தேம்மா!"

"என் கையில இல்லக்கா. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். பதிஞ்சு வைக்கவும் கேபிள் கம்பெனிக்காரங்க விடமாட்டாங்க."

பதினோரு நொடியில் படகு சுவரைவிட்டு நழுவிப் போயிற்று. பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

"மறுபடி எப்பம்மா வரும்?"

"கேமரா கேபிள் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வர இன்னும் இருபது நாள் ஆகும்க்கா." மிருதுளா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கண்காட்சி ஞாயித்துக்கிழமையோட முடியுது."