பதினாலு ஊசி

"கறுப்பா, செவலையா?" என்று கேட்டார் பஞ்சாயத்து கிளார்க் அரசப்பன்.

"செவலை" என்றாள் சம்பூர்ணம். அதே நொடியில் "கறுப்பு" என்றான் அவள் புருஷன் மாரியப்பன்.

அரசப்பன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கடிச்சது ஒரு நாயா, ரெண்டு நாயா?"

"விடிகாலையில கோலம் போட குனிஞ்சிக்கினு இருந்தா சார். இருட்டு. இவளுக்கு இன்னா தெரியும்? நான் பாத்தேன், கறுப்புதான்" என்றான் மாரியப்பன். அரசப்பன் கறுப்பு என்றே எழுதிக்கொண்டார்.

முந்தின நாள் சாயங்காலம் கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கறுப்பு நாய் வெறிபிடித்து மூன்று பேரைக் கடித்திருந்தது. காலையில் ரயில்வே கேட்டருகே அதை அடித்துப் போட்டார்கள். உடனே பஞ்சாயத்து ஆள் துலுக்காணம் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுவிட்டான். நாய் கடிச்சவங்க அத்தனை பேரும் பத்து மணிக்குள்ள பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்துரணும், திருவள்ளூர்லேருந்து டாக்டரம்மா ஊசியோட வர்றாங்க, ஒளிஞ்சிக்கினா நாயி மாதிரி கொலைச்சிக்கினே சாவணும்!

சம்பூர்ணம் கிளம்புவதாக இல்லை. குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது ரவிக்கைக் கை மேலேறி, தோளுக்குக் கீழே பல் பதிந்திருந்ததை எதிர்வீட்டு எல்லம்மா பார்த்துவிட்டாள். "ஐயோ, இன்னாடி இது! கடி வாங்கிக்கினு பேசாம இருக்கிறியே!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மாரியப்பன் அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவனே அழைத்து வந்தான்.

வந்ததிலிருந்து அவள் மணிக்கட்டை அவன் விடவே இல்லை. துணைக்கு வந்திருந்த எல்லம்மா அதையும் பார்த்துவிட்டாள்.

"பாரு, பொண்டாட்டிய எப்பிடி புடிச்சிக்கினு நிக்கிறாரு! எங்கூட்டு ஆளு இருக்குதே, என்னைப் பாம்பு கடிச்சாகூட, நாஷ்டா ஆச்சான்னுதான் கேக்கும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டீஸ் போர்டுக்குப் பின்னால் ஒரு வேட்டியைக் கட்டி மறைத்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து "யேசுவே!" என்று ஓர் அலறல் கேட்டது.

கேட்மேன் மோசஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். ஆறடி ஆள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஒண்ணு ஆச்சி. இன்னும் பதிமூணு. தெனம் ஒண்ணு, தொப்புளைச் சுத்தி. இந்த ஊசிக்கு அந்த நாயே தேவலப்பா."

சம்பூர்ணத்தின் இன்னொரு கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அஞ்சு மாசம். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இது ஒரு வாரமாகத்தான் அசைந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு மட்டும் என்றால் பதினாலு என்ன, நாற்பதையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொள்வாள்.

"எனக்கு ஊசி வேணாங்க. ஊட்டுக்குப் போயிறலாம்" என்றாள் மெதுவாக.

"ஊரே பாத்துக்கினு இருக்குது. வாய மூடிக்கினு வா." மணிக்கட்டில் பிடி இறுகியது.

மறைப்புக்குள் ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் விரல் நீளத்துக்கு இருந்தது ஒவ்வொன்றும். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. முகத்தில் காலையிலிருந்து அலறல் கேட்ட களைப்பு.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

டாக்டரம்மா ஒரு கணம் தயங்கினாள். "வேற வழி இல்லம்மா. வெறி வந்துட்டா ரெண்டு உயிரும் போயிடும். படு."

அரசப்பனின் மேசைமேல் சம்பூர்ணம் படுத்தாள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு தொப்புளைச் சுற்றிச் சில்லென்று ஓடியது. உள்ளே குழந்தை உதைத்தது. அவள் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது.

"ஆடாதே. ஆடினா ஊசி உள்ளயே முறிஞ்சிடும். காயத்தைக் காட்டு." டாக்டரம்மா ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். "இது எப்ப கடிச்சது?"

"இன்னிக்கு விடிகாலையில" என்றான் மாரியப்பன்.

"இல்லையே. ஓரமெல்லாம் பச்சை பாஞ்சிருக்கு. நாலு நாளாவது ஆகியிருக்கும். நேத்து வெறிபிடிச்சுத் திரிஞ்ச நாய் கடிச்சதில்ல இது." டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்த நாய் இப்ப உயிரோட இருக்கா? இருந்தா ஊசியே வேணாம். பத்து நாள் அதைக் கவனிச்சுப் பாத்தாப் போதும். செத்துப் போயிருந்தாத்தான் பதினாலும் போட்டாகணும்."

"செத்துப்போச்சி டாக்டரம்மா" என்றான் மாரியப்பன் பட்டென்று. "நான்தான் பொதைச்சேன்."

சம்பூர்ணம் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு ஊசியைக் கையில் எடுத்தாள். மருந்து முனையில் ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது.

சம்பூர்ணம் கையை உதறி விடுவித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். வேட்டிக்கு அந்தப் பக்கம் எல்லம்மாவும் அரசப்பனும் பெஞ்சு முழுக்க ஜனமும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"சாவல டாக்டரம்மா. இதோ, என் பக்கத்துலயே நிக்குது."