ஒரு பொம்மைக்கு நான்கு நொடி

குழல்விளக்கின் வெளிச்சத்தில் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆசையாய்ச் சேர்த்து வைப்பவர்களுக்கான பொம்மை வீரர்கள். சரிபார்ப்பவளுக்கு ஒன்றுக்கு நான்கு நொடிதான். அவள் கையில் எடுத்த வீரனின் இடது கண் கன்னத்துக்கு இறங்கியிருக்கிறது. அடுத்தவனுக்கும் அப்படியே. "அண்ணே, அச்சு நகர்ந்திருக்கு, பெல்ட்டை நிறுத்துங்க!" என்று கத்துகிறாள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "லாரி வாசல்ல நிக்குதும்மா. நிறுத்தினா என் தலைதான் உருளும். ரொம்ப மோசமானதை மட்டும் எடு." ஒன்றை எடுத்துக் கூடையில் போடுவதற்குள் மூன்று அவளைத் தாண்டிவிடுகின்றன. எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். விரல் நுனியில் ஈரச் சாயம் மட்டும் ஒட்டுகிறது. பெல்ட்டின் கோடியில் பெட்டி கட்டும் அவளுடைய நாத்தனார், "என்ன அண்ணி, இவனுக்குக் கண்ணு..." என்று தொடங்கி, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறாள். மூடியை அழுத்தி, 'சரிபார்க்கப்பட்டது' என்ற ஸ்டிக்கரை ஒட்டுகிறாள். அதில் அச்சாகியிருப்பது அண்ணியின் பணியாளர் எண்.