நான்காவது முறை

சகாயமேரி டீச்சருக்குத் தன் அணிப் பெண் பெனிட்டாவின் கை உயர்ந்ததில் நம்பிக்கை வரவில்லை. எதிரணி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்திருந்தது; தடுக்கக் குதித்த பெனிட்டாவின் விரலுக்கும் பந்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். ஆனாலும் பெனிட்டா, “என் விரல்ல பட்டுச்சு சார்” என்று நடுவரிடம் சொல்லிப் புள்ளியை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தாள். அரங்கமே கைதட்டியது. பலகையில் அவள் பெயருக்கு எதிரே, தானே ஒத்துக்கொள்பவர்களுக்குத் தரும் நேர்மைப் புள்ளியில் மூன்றாவது ஏறியது. கல்லூரியில் இடம் கிடைக்க இப்போதெல்லாம் கோப்பையைவிட அதுதான் பெரிது.

இருபது வருட வாலிபாலில் புள்ளியைத் திருடிய எத்தனையோ பிள்ளைகளை டீச்சர் பிடித்திருக்கிறார். கொடுப்பவளை எப்படிப் பிடிப்பது?

பெனிட்டாவின் அணி வெல்ல ஒரே புள்ளி பாக்கி இருந்தபோது எதிரணி அடித்த பந்து மறுபடி வெளியே போனது. இந்த முறை பெனிட்டாவின் நடுவிரல் பின்னால் மடங்கியதை டீச்சர் பார்த்தார். எதிரணிப் பிள்ளைகளும் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். பெனிட்டா கையை உயர்த்தவில்லை.

“பட்டுச்சாம்மா?” என்று நடுவர் கேட்டார்.

“இல்ல சார்.”

“மூணு தடவை தானா ஒத்துக்கிட்ட பிள்ளை, இதுல மட்டும் பொய் சொல்லுமா?” என்று எதிரணியை அடக்கிவிட்டு நடுவர் விசில் ஊதினார். பெனிட்டாவின் அணி வென்றது.

டீச்சர் அவளைத் தனியே இழுத்துப் போய், “உண்மையச் சொல்லு. பட்டுச்சா, இல்லையா?” என்றார்.

வீங்கத் தொடங்கிய விரலை நீவிக்கொண்டே, இதுகூடவா தெரியாது என்பதுபோல அவள் பார்த்தாள்.

“பட்டுச்சு டீச்சர். நேர்மைப் புள்ளி ஒரு மேட்சுக்கு மூணுக்கு மேல ஏறாதுல்லா?”