அரிசி டிரம்மில் ஒரு டம்ளர்

கீழே விழுந்து வாய் நெளிந்துபோன எவர்சில்வர் டம்ளரை, அளப்பதற்கென்று அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டார்கள். "இனி எனக்குள்ளே யாரு காபி ஊத்தப் போறாங்க?" என்று அது ஓயாமல் புலம்பியதில் டிரம்முக்குக் காதே வலித்தது.

ஒருநாள் வீட்டுக் குழந்தை டம்ளரை விளையாட எடுத்துப்போய்க் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டது. அன்று அரிசியைப் புது டம்ளரில் அளந்தார்கள். அது சின்ன டம்ளர். தண்ணீரை மட்டும் வழக்கம்போல் வைத்ததில் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது.

"அந்த நெளிஞ்ச டம்ளர் எங்கே?" என்று வீடே குனிந்து தேடியது. கட்டிலடியில் கிடந்த டம்ளருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் டிரம் கேட்டது: "இன்னும் காபி ஆசை இருக்கா?"

"அப்புறம் பேசலாம். விருந்தாளிங்க வந்திருக்காங்க, நான் ஏழு தடவை முங்கி எழணும்" என்று சொல்லிவிட்டு, டம்ளர் அரிசிக்குள் தலைகுப்புறப் பாய்ந்தது.