முதலில் வெளியேறியவன்

ஊக்கமருந்து ஊசி போட்டு ஆடியதற்காகச் சுடலைமுத்துவைக் கபடியிலிருந்து இரண்டு வருடம் விலக்கி வைத்திருந்தார்கள். அதில் பாதியை அவன் மனநல ஆஸ்பத்திரியில் கழித்தான். திரும்பி வந்த ஆட்டத்தில், பாடிப் போன முதல் தடவையே கணுக்காலைப் பிடித்து அமுக்கிவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவன், "இன்னைக்கு ஊசி போடலியோ?" என்று கத்தினான். சுடலைமுத்து போய், அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி மாத்திரையால் நடுங்கும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அங்கே இருப்பது சுகமாகத்தான் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அந்தோணியும் அவுட்டாகி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை நாளும் இவன் இடத்தில் ஆடியவன் அவன்தான்.

கேப்டன் எதிரணியில் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நடுவர் சுடலைமுத்துவை உள்ளே வரச் சொல்லிக் கைகாட்டினார்.

"நீ போடே," என்றான் இவன் அந்தோணியிடம்.

"நான் எப்படிப் போவ? மொத அவுட்டானவன்தான் மொத உள்ள போவணும். நீ எந்திச்சாத்தான் எனக்கு வழி."

சுடலைமுத்து எழுந்தான். கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். எதிரணிக்காரன் பாடத் தொடங்கியிருந்தான். மூலையில் நின்ற கேப்டன், சங்கிலி கோக்கக் கையை நீட்டினான்.

"கையக் குடுலே."

முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையைச் சுடலைமுத்து கொடுத்தான். கேப்டன் ஒரு நொடி அதைக் குனிந்து பார்த்தான். பிறகு விரல்களை இறுகக் கோத்துக்கொண்டான். நடுக்கம் இப்போது இருவர் கைகளிலும் இருந்தது. பாடி வந்தவன் அதைக் கவனித்துவிட்டு, நேராக அவர்களை நோக்கி வந்தான்.