ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

ஞாயிறு மதியம் ஆய்வுக்கூடத்தில் லோகேஸ்வரி மட்டும்தான் இருந்தாள். முனைவர் பட்டத்துக்காக அவள் வளர்க்கும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. வேளாவேளைக்குச் சத்துநீர் மாற்றியாக வேண்டும். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி அம்மாவை ஏமாற்றியாயிற்று. சரியாகத் தூங்கியும் மாதங்கள் ஆகிவிட்டன.

மாதா கோயிலிலிருந்து நேராக வந்த தோழி ஷெரில், அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏய், எனக்கு முன்னாடி எப்படி வந்த லா? இப்பதானே வர்ற வழியில பாத்தேன், படகு ஜெட்டியில ஃபெர்ரி ஏறுன! கெப்பாலா பத்தாஸ் வீட்டுக்குப் போறேன், அம்மா மீன் கறி வச்சிருக்காங்கன்னு சிரிச்சியே. அப்ப இந்த அழுமூஞ்சி இல்ல லா.”

லோகேஸ்வரிக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. அவள் ஏறியிருக்க வேண்டிய ஃபெர்ரியில் எவளோ ஏறிப் போயிருக்கிறாள்.

வேலை முடிந்ததும் ஆய்வுக்கூடப் போனிலிருந்து வீட்டை அழைத்தாள்.

“யாரு, ஷெரிலா? மெதுவா பேசுமா,” என்று அம்மா கிசுகிசுத்தாள். “லோகேஸ் சாப்பிட்டு இப்பத்தான் கண்ணசந்தா.”

அம்மாவின் குரலுக்குப் பின்னால் யாரோ சீராக மூச்சுவிடுவது கேட்டது.

“அவள எழுப்புங்க,” என்றாள் லோகேஸ்வரி.

“முடியாதுமா. எம்புள்ள தூங்கட்டும்,” என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.