ராஜா ஒரு கட்டம் முன்னே

தேவசேனா தன் ராஜாவை எடுத்து ஒரு கட்டம் முன்னே வைத்தபோது, பக்கத்து மேஜைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆட்டத்தில் அது அவளுடைய இரண்டாவது நகர்த்தல்தான். சிப்பாய் வழிவிட்ட கையோடு ராஜாவை யாராவது வெளியே கொண்டுவருவார்களா?

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டியின் முதல் சுற்று. எதிரே இருந்தவர் பெங்களூர் ஏகாம்பரம். கோப்பை அவருக்குத்தான் என்று காலையிலேயே பேச்சு. தேவசேனாவுக்கோ இதுதான் முதல் போட்டி.

எதிராளியின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் ஏகாம்பரத்துக்கு இல்லை. தாமதமாக வந்தவர், பலகையைப் பார்த்தபடியே கைகுலுக்கி, பலகையைப் பார்த்தபடியே ஆடினார். இப்போது குதிரையை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது.

நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். மேஜையில் ஒட்டியிருந்த ‘ஏ. தேவசேனா, பாலசமுத்திரம்’ என்ற சீட்டைப் பார்த்தார். அவள் உதடு ஏதோ சொல்ல வருவதுபோல் அசைந்தது.

ஏகாம்பரம் கடிகாரத்தை நிறுத்தினார். தோற்றதாகத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே நடந்தார்.

நடுவர் நாகபூஷணம் பின்னாலேயே ஓடி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். ஆட்டோவில் ஏறிவிட்டாராம். மீதிச் சுற்றுகளுக்கும் வரமாட்டாராம்.

இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்த ஆட்டம் என்று அவளைக் கேட்டார். யாரும் சொல்லித்தரவில்லை, சின்ன வயதில் வீட்டில் விளையாடும்போது எப்போதும் இப்படித்தான் தொடங்குவேன் என்றாள்.

“வீட்டு ஆட்டத்தை இங்க ஆடலாமாம்மா? பெரிய பிளேயரு. கேலி பண்றேன்னு நெனச்சிக்கினு கோவத்துல பூட்டாரு.”

தேவசேனா எதிரே இருந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள்.

நாகபூஷணத்துக்கு மனசு இளகியது.

“சரி, உடு. பாயிண்டு உனக்குத்தான். ஜெயிச்சிட்டு எதுக்கும்மா அழுவுற?”

“கோவமில்ல சார். நான் யாருன்னு தெரிஞ்சிபோச்சு, ஓடிட்டாரு. எங்கள உட்டுட்டுப் போன நைனா சார் அவரு.”